முகாமில் நாம் அறிய வேண்டுவன

(நமது மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இந்த மேடையில் ஆண்டுதோறும் தொண்டின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதனை நம்மினும் நன்றாகப் பேச வல்ல பெரியோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் அதை அவர்களுக்கே விட்டுவிடுகின்றோம். நாம் இன்று எடுத்துக்கொண்டது தொண்டுக்கு முந்திய ஒரு சிறு வேலை. வீடிழந்து முகாமில் ஒதுங்கியிருக்கும் மக்களுக்கு உணவிலும் கல்வியிலும் பிற நலங்களிலும் என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், யாருக்கு வேண்டும் என்பதை அறிந்துகொள்வது எப்படி? இதுவே பொருள். கேட்பதற்குச் சுவையற்ற பொருள்தான். ஆயினும் இதை அறியாமல் போய் நாமே ஒருமுறை நாணித் திரும்பியிருக்கின்றோம். அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம். காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. பிள்ளைகளிற் பலர் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டனர். அதனால் பிழைத்தனர், பிழைத்தவர் திரும்பி வந்து பார்க்க வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. உயிர் தப்பியவர்களையும், அடுத்த லயங்களில் அஞ்சி வெளியேறியவர்களையும் சுற்றுப்புறத்துப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள்.

செய்தி கேட்டு நாங்களும் சும்மா இருக்கவில்லை. கடைகளிலும் லயங்களிலும் கேட்டு அரிசி, பருப்பு, துணிமணி எல்லாம் சேர்த்து ஒரு லொறி பிடித்துப் புறப்பட்டோம். பன்னிருவர் போனோம். முகாமாயிருந்த பள்ளிக்கூடத்தில் இறங்கியபோது, விறாந்தையில் பழந்துணி மலைபோற் குவிந்து மழைச்சாரலில் நனைந்துகொண்டிருந்தது. நாங்கள் கொண்டுபோன துணியும் அதன்மேல் ஏறிற்று. அரிசியை இறக்கினோம். சமைத்த சோற்றுப் பொட்டலங்கள் நாலா பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்த நாள் அது. அரிசியை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு கிழவி மட்டும் அருகில் வந்து, "தம்பி, வெத்தல ஏதும் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள். எங்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவள் கோபிக்கவில்லை. "எல்லாரும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, சாமி. என்னா வேணும்னு ஒருத்தரும் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இளம்பெண்கள் சிலர் தூணோரமாய் நின்று எங்களைப் பார்ப்பதும் ஒதுங்குவதுமாய் இருந்தனர். ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்கவில்லை. மாதவிலக்குக்குத் துணியில்லாமல் அவர்கள் பட்ட பாட்டை, மறுவாரம் போய்வந்த ஓர் ஆசிரியை சொல்லித்தான் அறிந்தோம். எங்கள் லொறியில் போன பன்னிருவரும் ஆண்கள். எப்படிக் கேட்பார்கள்?

மணிமேகலைக் கதையை இளைஞர்கள் படித்திருப்பீர்கள். அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், மழை பெய்து நாடு செழித்தபின் உண்பாரைத் தேடி அலைகின்றான். கடைசியில் மனித நடமாட்டமற்ற மணிபல்லவத் தீவில் தனியே அகப்பட்டுக்கொள்கின்றான். பாத்திரம் நிறைந்திருக்கிறது, ஏந்துவதற்கு ஒரு கை இல்லை. எங்கள் லொறியும் அன்றைக்கு அப்படித்தான் நின்றது. அங்கிருந்து சில மைல் தொலைவில் வேறொரு முகாமுக்கு அன்று ஒரு வண்டியும் போகவில்லை என்பதைப் பிறகு கேள்விப்பட்டோம்.

இனி, அந்த நாட்களில் நாடறிந்த ஒரு செய்தியை நினைவூட்டுகின்றோம். மீரியபெத்தையில் புதையுண்டவர் எத்தனை பேர்? முதல் நாள் முந்நூறு என்றனர். பின்னர் நூற்றுத் தொண்ணூறு என்றனர். அதன்பின் நூறு என்றனர். கடைசியில் கணக்கு நாற்பதுக்கும் உட்பட்டதாயிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் தொகையும் நாளுக்கு நாள் மாறியது. ஊர்ப் பதிவேடுகளும் மண்ணுக்குள் போய்விட்டன என்று செய்தி வந்தது. தோட்டத்துச் செக்ரோலில் உள்ளது வேலைக்காரர் பெயர். கைக்குழந்தையின் பெயரும், வேலை நின்ற கிழவரின் பெயரும், கொழும்பில் கடையில் நிற்கும் மகன் பெயரும் அதில் இராது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும் எவரிடமும் இல்லை. எத்தனை பேர் என்று தெரியாத இடத்தில் எத்தனை படி அரிசி என்று எப்படிச் சொல்வது?

ஆகவே முகாமுக்குப் போகிறவர் முதலிற் செய்ய வேண்டுவது எண்ணுவது. தலையெண்ணிக்கை மட்டும் போதாது. குடும்பம் குடும்பமாக எண்ண வேண்டும்: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை எத்தனை, பள்ளிப் பிள்ளை எத்தனை, கர்ப்பிணிகள் யார், நடக்கமாட்டாதவர் யார், நாள்தோறும் மருந்து குடிப்பவர் யார், துணையின்றித் தனியே இருக்கும் பெண் யார் என்று எழுத வேண்டும். இரண்டு இளைஞர் ஒரு பெரிய முகாமை அரை நாளில் எழுதி முடிக்கலாம். காலையில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் எண்ணுவது நன்று. ஏனெனில் பகலில் கொழுந்தெடுக்கப் போனவர்கள் இரவில்தான் திரும்புவர். பகலில் சாப்பாட்டு வரிசையைப் பார்த்து எழுதினவன் கணக்கில் அவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

இங்கே பெரியோர்கள் சிலர் முகம் சுளிப்பதை நாம் காணாமலில்லை. பட்டியல் என்றாலே நமது மக்களுக்கு அச்சம் உண்டு. அது வீணச்சமென்று தள்ளிவிடலாகாது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின் நம் பாட்டன்மார் எத்தனை படிவம் நிரப்பினர், எத்தனை படிவம் தள்ளுபடியாயின என்பதை வீடுதோறும் கதையாய்ச் சொல்வார்கள். 1964 அக்டோபர் 30இல் ஆன ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போமென்று ஒத்திவைத்தது. 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாக்கினார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி ஒரு பட்டியலிலும் போனதுண்டு. 1983 யூலையில் கொழும்பில் கூட்டங்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின. பதுளை நகரும் அம்மாதம் எரிந்தது. இவ்வளவும் கண்டவர்கள், "பேரெழுத வந்திருக்கிறோம்" என்று இளைஞன் ஒருவன் கொப்பியோடு வந்தால் கதவைச் சாத்துவது இயற்கை.

இதற்கு நாம் கண்ட வழி ஒன்றுதான். எழுதுவது எதற்கென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேண்டாததைக் கேட்கக் கூடாது. எந்தச் சங்கம், எந்தக் கட்சி, என்ன சாதி, என்ன கடன் என்பனவற்றுக்கும் பாலுக்கும் பாயுக்கும் என்ன சம்பந்தம்? எழுதியதை அந்தக் குடும்பத்தார் முன்னே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். பட்டியலைப் படம் பிடித்துக் கைப்பேசியில் ஊரெல்லாம் பரப்பும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அது கூடவே கூடாது. பெண்பிள்ளைகள் தனித்திருக்கும் விவரம் வேண்டாதவன் கைக்குப் போனால் நாமே பழிக்கு ஆளாவோம்.

இனி உணவு. பசி நேரத்துக்குக் கஞ்சி போதும். 1877இல் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தார். அது நமக்கு வழிகாட்டி. ஆனால் முகாம் ஒரு நாளோடு முடிவதன்று. மீரியபெத்தை மக்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு காலம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் காலந்தள்ளினர். 2016 அக்டோபரில்தான் 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. வாரக்கணக்கில் நீளும் முகாமுக்கு அளவு வேண்டும். உலகமெங்கும் நிவாரண வேலை செய்வோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்று கணக்கு வைத்திருக்கின்றனர். வீட்டுக் கணக்கிற் சொன்னால், அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சீனி 15 கிராம், அவற்றோடு சத்துமா 50 கிராம், சிறிது உப்பு. நூறு பேர் உள்ள முகாமுக்குப் பத்து நாளைக்கு 400 கிலோ அரிசி, 60 கிலோ பருப்பு, 25 கிலோ எண்ணெய். இந்தக் கணக்கு இளைஞர் ஒவ்வொருவர் மனத்திலும் இருந்தால், 400 கிலோ அரிசி இருக்குமிடத்தில் இன்னும் 400 கிலோ கொண்டுபோய்க் கொட்டமாட்டோம். எண்ணெய்ப் போத்தலை மறக்கவும் மாட்டோம். விறகு, பானை, தேங்காய், மிளகாய்த்தூள் என்பன உண்டா என்று கேட்பதும் உணவுக் கணக்கிலேயே சேரும். பானையில்லாத முகாமில் அரிசி வெறும் மூட்டை. நம் மக்களுக்குக் காலையில் ஒரு சாயத்தண்ணி இல்லாவிடில் எத்தனை சோறிருந்தும் பயனில்லை. இதனை வெளியூர் நிவாரணக்காரர் அறியார், நாம் அறிவோம்.

குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாதவர்; தோட்டங்களில் மட்டும் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். அதாவது, நமது பிள்ளை முகாமுக்கு வரும்போதே குறையோடு வருகிறது. அதற்கு பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் கொடுத்து மகிழ்ந்துவிட்டு வருவது கொடையாகாது. மருத்துவ மாதுவைக் கையோடு அழைத்துப் போக வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும் நாடா ஒன்று அவர்களிடம் உண்டு. பன்னிரண்டரை சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கவலை. பதினொன்றரைக்குக் குறைந்தால் அன்றே ஆசுபத்திரி. கர்ப்பிணிகளுக்கும் மெலிந்த பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டிய திரிபோஷா முகாம் மாறியதால் நின்றுபோயிற்றா என்று கேட்டு எழுத வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவளுக்கு மறைவான ஒரு மூலை உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். அது இல்லாமற் பால் வற்றிப்போன தாயை நாம் கண்டிருக்கின்றோம்.

கல்வியைப் பொறுத்தவரையில் ஒரு சங்கடம் முதலிலேயே வந்து நிற்கும். நம் பக்கத்தில் முகாம் என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம். அகதியான பிள்ளைக்கும் படிப்பு நின்றது. அகதியாகாத பிள்ளைக்கும் படிப்பு நின்றது. ஆகையால் பள்ளி எத்தனை நாளில் விடுபடும், வேறு மண்டபம் உண்டா என்ற கேள்வியைச் சோற்றுக் கேள்வியோடு சேர்த்தே கேட்க வேண்டும். கோவில் மண்டபங்களை உடையவர் நாம். அவற்றைத் திறந்துவிட முடியுமா என்று பரிபாலன சபையார் இங்கேயே யோசிக்கட்டும்.

அதற்கப்பால், கொப்பியும் பென்சிலும் எல்லாரும் கொடுப்பார்கள். நாம் கேட்க வேண்டியவை வேறு. சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகள் யார்? அவர்களுடைய அடையாள அட்டை, அனுமதி அட்டை, பிறப்புச் சான்றிதழ் எங்கே? மண்ணுக்குள் போயிருந்தால் மறுபிரதிக்கு யார் விண்ணப்பம் எழுதுவது? அலுவலகப் படிவம் சிங்களத்தில் இருந்தால் யார் நிரப்புவது? நமது மன்றத்தில் இரு மொழியும் அறிந்த பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். பத்து மூட்டை அரிசியினும் அவர்கள் ஒரு நாள் முழுதும் முகாமில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது பெரிது. இரவில் படிக்க விளக்குண்டா, வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் உண்டா, தாய் வேலைக்குப் போனதால் தம்பியைப் பார்க்க நின்றுவிட்ட பெண்பிள்ளை யார் என்பவற்றையும் குறிக்க வேண்டும். பிள்ளைக்காம்பரா ஒன்றை முகாமில் ஒரு மூலையில் வைத்தால் அந்தப் பெண்பிள்ளை பள்ளிக்குப் போவாள். பெற்றோரை இழந்த பிள்ளையை, உறவினர் யாரென்று தேடுமுன்னே, தூரத்து விடுதிக்கு அழைத்துப் போகிறோமென்று நல்ல மனத்தோடு வருவோரும் உண்டு. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். பிள்ளையைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். மாமன், சித்தி, அப்பாயி என்று நம் குடும்பம் பெரியது.

மற்ற நலங்களை விரைந்து சொல்லிவிடுகின்றோம். ஒருவருக்கு நாளைக்குப் பதினைந்து லீற்றர் தண்ணீர். தொடக்கத்தில் ஐம்பது பேருக்கு ஒரு கழிப்பறை. கூடிய விரைவில் இருபது பேருக்கு ஒன்று. அதுவும் பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளோடும் வழியில் வெளிச்சத்தோடும் இருத்தல் வேண்டும். நமுனுகுலக் குளிரில் சிமெந்துத் தரையில் பாய் மட்டும் போதாது, கம்பளியும் வேண்டும். சீனி வியாதிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை குடிப்பவர்கள் கிளினிக் அட்டையைத் தொலைத்திருப்பார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பேர் விழுமா என்பது அவர்கள் மனத்தை அரிக்கும் கேள்வி; தோட்டத் தலைவர்மாரை விட்டு அதைத் துரையிடம் கேட்க வேண்டும். உடல் கிடைக்காதவருக்கு மரணச் சான்றிதழும், அதனைத் தொடர்ந்து சேமலாப நிதியும் பெறுவது பெரும்பாடு. அந்தக் குடும்பங்களைத் தனியே குறித்துக்கொண்டு மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும். வெற்றிலை கேட்ட கிழவியையும் மறக்கலாகாது.

இருக்க இடம் ஒருவருக்கு மூன்றரை சதுர மீற்றராவது வேண்டும் என்பது உலக நிவாரணக்காரர் கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள நமது லயக் காம்பராவை அந்தக் கோலால் அளந்து பார்த்தோம். மூன்று பேர் இருக்கலாமாம். உங்கள் காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்பதை வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள்.

அகதி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. நாட்டெல்லையைக் கடந்தவனே அகதி, உள்ளூரில் இடம்பெயர்ந்தவன் அகதியல்லன் என்பது சட்டக்காரர் வழக்கு. நம் மக்கள் எல்லா முகாமையும் அகதி முகாம் என்றே சொல்கின்றனர். அதில் ஒரு நியாயம் உண்டு. இராமநாதபுரத்துக் கடற்கரையில் மண்டபம் முகாம் இருக்கிறதே, அது முன்னாளில் நம் பாட்டன் பாட்டிமாரை இலங்கைத் தோட்டங்களுக்கு அனுப்புமுன் நோய் பார்த்துத் தடுத்துவைத்த இடம். 1983க்குப்பின் இங்கிருந்து தப்பிப்போனவர்களை ஏற்ற இடமும் அதுவே. தமிழ்நாட்டு முகாம்களில் உள்ளவருட் பலர் மலையகத்து மக்களின் வழிவந்தவர்கள்; 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்னும் அமைப்பை 1984இல் சா. செ. சந்திரகாசன் அவர்கள் தொடங்கியபோது, அகதிகளையே தொண்டர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆக்கினார்கள். நாம் கற்க வேண்டிய வழி அதுதான். முகாமிலேயே ஆசிரியர், சமையல் அறிந்தவர், தாதி, கணக்கு எழுதவல்ல கணக்கப்பிள்ளை எல்லாரும் இருப்பார்கள். வெளியிலிருந்து வந்த நாம் கொப்பியை அவர்கள் கையிற் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தேவையை அவர்களினும் நன்கறிந்தவர் யார்?

2023 மார்ச்சில் பூனாகலைப் பக்கம் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மிகுந்த சேதமுற்ற மாவட்டங்களுள் நமது பதுளையும் ஒன்று. மீரியபெத்தைக்கும் அதற்கும் இடையே பதினோராண்டு. அந்தப் பதினோராண்டில் நமது மன்றம் நமது சொந்த லயங்களையேனும் எழுதி வைத்திருந்ததா? இல்லை. அந்தக் குற்றம் பிறரைச் சேராது, நம்மையே சேரும்.

ஆதலின் செயற்குழு ஒரு முடிவு செய்திருக்கின்றது. மழை தொடங்குமுன், இந்தப் பகுதியிலுள்ள லயங்களில் காம்பரா காம்பராவாகக் குடும்ப விவரம் எழுதப்படும். விருப்பமில்லாதவர் கதவைத் தட்டுவதில்லை. எழுதிய கொப்பிக்குப் பிரதி இரண்டு: ஒன்று கோவில் இரும்புப் பெட்டியில், மற்றது சரிவு வராத இடத்தில், பெரியோர்கள் தெரிந்தெடுக்கும் ஒருவரிடம். கிராம உத்தியோகத்தருக்கு எண்ணிக்கை மட்டும் தரப்படும். பெயர்கள், ஆபத்து நேர்ந்தால் குடும்பத்தார் சம்மதத்தோடு தரப்படும். ஆண்டுக்கொருமுறை, இதே விழாவுக்கு முன், திருத்தி எழுதப்படும்.

கொப்பிகள் வாங்கியாயிற்று; கோவில் மண்டபத்தில் இருக்கின்றன. வருகிற ஞாயிறு காலை கீழ்ப்பிரிவு லயங்களில் தொடங்குகின்றோம். வீட்டுக்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணுமாக இருவர் போவதென்று ஏற்பாடு. பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆண்பிள்ளைகளில் நாலு பேர்தான் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் ஐவர் இந்தக் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.